ஒரு கைப்பிடி உப்பும் ஐந்து வினைகளும்

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே வேதிவினைகள்தான். முதல் சோதனை மெக்னீசிய நாடாவைக் கொளுத்துவது. கண் கூசும் வெளிச்சம், அப்புறம் கொஞ்சம் வெள்ளைச் சாம்பல். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பட்டியல் வந்துவிடும். சேர்க்கை வினை, சிதைவு வினை, இடப்பெயர்ச்சி வினை, இரட்டை இடப்பெயர்ச்சி வினை, ஆக்ஸிஜனேற்ற-ஒடுக்க வினை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சமன்பாடு. பரீட்சையில் "இது எந்த வகை?" என்று ஒரு மார்க் கேள்வி. அத்தோடு கதை முடிந்தது.

நான் இதைத் தமிழில் படித்தவன். என் மகள் ஆங்கிலத்தில் படிக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் இந்தி மீடியம். அவன் சன்யோஜன், வியோஜன், விஸ்தாபன், த்விவிஸ்தாபன் என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்வது எங்கள் வராந்தா வரைக்கும் கேட்கும். மூன்று மொழியிலும் பட்டியல் ஒன்றுதான், தூக்கமும் ஒன்றுதான் :-)

"பேர் வச்சு என்னப்பா ஆகப் போகுது? ரெண்டு பொருளைப் போட்டா நடக்கிறது நடக்கத்தானே போகுது?" என்று கேட்டாள் மகள். நியாயமான கேள்வி. தெற்கு குஜராத்தின் ரசாயனத் தொழிற்பேட்டைகளில் பதினெட்டு வருஷமாகப் பாதுகாப்புப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பதில் உண்டு. நடக்கப் போவது என்ன என்று நடப்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளத்தான் பேர். எங்கள் வேலையில் ஒரு கலனுக்குள் இரண்டு பொருளைப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்போம். சூடு வருமா? வாயு வருமா? அடியில் ஏதாவது படியுமா? சமன்பாட்டில் அம்புக்குறிக்கு வலது பக்கத்தைப் படித்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அந்த வலது பக்கத்தை ஊகிக்கச் சொல்லித் தருவதுதான் அந்த ஐந்து வகைகளும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கொஞ்சம் நீளமாகப் போகும், காபியோடு உட்காருங்கள்.

சேர்வதும் சிதைவதும்

இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லித் தருவது எனக்குப் பிடிக்காது. இரண்டும் ஒரே பாதையில் போகிற, வருகிற வண்டிகள். இதற்குச் சுண்ணாம்பை விட நல்ல உதாரணம் கிடையாது.

நம்ம ஊரில் கிளிஞ்சல்களைக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். இங்கே சவுராஷ்டிராவில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துச் சூளையில் சுடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி சூட்டில் அது இரண்டாக உடைகிறது. சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது, கார்பன் டை ஆக்ஸைடு காற்றோடு போகிறது. சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் கையில் கிடைக்கும். மீதி 44 கிலோ புகைபோக்கி வழியாகப் போய்விடும். இதுதான் சிதைவு வினை. சிமெண்ட் ஆலைகள் வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடில் பாதிக்கு மேல் நிலக்கரிப் புகை கிடையாது, இப்படிக் கல்லுக்குள்ளிருந்து வருவதுதான். அடுப்பை எவ்வளவு சுத்தமாக்கினாலும் இந்த 44 கிலோ போகாது. சமன்பாட்டின் வலது பக்கம் அப்படி.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதகொதவென்று கொதிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடமாட்டார்கள். தீ இல்லை, விறகு இல்லை, ஆனாலும் கொதிக்கிறது. இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றாகும்போது பெரும்பாலும் சூடு வெளியே வரும். இதுதான் சேர்க்கை வினை. சுட்ட சுண்ணாம்பு மூட்டை ஏற்றிய லாரிக்கு மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டாயம் என்பதும் இதனால்தான். நனைந்தால் மூட்டையும் சரக்கும் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறலாம்.

நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்ததும் அது காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை மெதுவாக இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளில் சுவர் பளிச்சென்று ஆவதற்குக் காரணம் மறுபடி உருவாகும் கால்சியம் கார்பனேட். அதாவது கிளிஞ்சல் காளவாய்க்குள் போய், உடைந்து, தண்ணீரோடு சேர்ந்து, கடைசியில் சுவரில் மறுபடி கிளிஞ்சலாகவே நிற்கிறது.

சிதைவு வினையில் பயப்பட வேண்டியது எப்போது? வலது பக்கம் எல்லாமே வாயுவாக இருக்கும்போது. அம்மோனியம் நைட்ரேட் நல்ல உரம். பக்குவமாகச் சூடாக்கினால் அது நைட்ரஸ் ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் பிரியும். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது பயன்படும் வாயு அது. அதே உரம் பெரிய குவியலாக இருந்து, தீப்பிடித்து, கட்டுப்பாடு இல்லாமல் சிதைந்தால் நைட்ரஜன், ஆக்ஸிஜன், நீராவி என்று ஒரு நொடியில் மொத்தமும் வாயுவாகிவிடும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நடந்தது அதுதான். 2,750 டன் என்று கணக்கு. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அதே வாரம் சென்னை மணலியில் 2015 முதல் முடங்கிக் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் பற்றி எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். பிறகு அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்து வருஷமாக அந்தப் பொருள் மாறவே இல்லை. மாறியது, அதன் வலது பக்கம் என்ன என்று ஊருக்குத் தெரிந்ததுதான்.

ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்காரலாம்

அடுத்தது இடப்பெயர்ச்சி. இந்தியில் விஸ்தாபன். நர்மதை அணைக்காக ஊரை விட்டுக் கிளம்பியவர்களையும் இந்தப் பக்கம் விஸ்தாபித் என்றுதான் சொல்வார்கள். வேதியியலில் அந்தச் சொல் அப்படியே பொருந்தும். பலம் கூடியவன் வந்து உட்காருகிறான், பலம் குறைந்தவன் எழுந்து போகிறான்.

புத்தகத்தில் இருப்பது இரும்பு ஆணியைக் காப்பர் சல்பேட்டுக் கரைசலில் போடும் சோதனை. நீல நிறம் வெளிறும், ஆணி மேல் செம்பு படியும். அழகான சோதனைதான். ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் ரயில்வே தண்டவாளம். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்கு மேல் ஒரு மூசையை வைத்து, இரும்பு ஆக்ஸைடும் அலுமினியப் பொடியும் கலந்து பற்றவைப்பார்கள். அலுமினியம் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. துரத்தப்பட்ட இரும்பு 2,000 டிகிரிக்கு மேல் சூடேறி, உருகி, இடைவெளியில் இறங்கி உறைகிறது. அந்தக் காலத்து ரயிலில் தூங்க வைத்த 'தடக் தடக்' சத்தம் இப்போது நவஜீவனில் அவ்வளவாகக் கேட்பதில்லை என்றால், தண்டவாளங்களை இப்படி நீளநீளமாகப் பற்றவைத்துவிட்டதும் ஒரு காரணம்.

இதே வினைக்கு இன்னொரு முகம் உண்டு. உலோகம் அமிலத்தைச் சந்தித்தால் அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன்தான் எழுந்து போகும். பள்ளிக்கூடத்தில் துத்தநாகத் துண்டு, நீர்த்த கந்தக அமிலம், 'பொப்' என்று ஒரு சத்தம். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஆலையில் அந்த 'பொப்' வேறு மாதிரி இருக்கும். அடர் கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்புத் தொட்டியிலேயே சேமிக்கலாம். இரும்பின் மேல் உருவாகும் சல்பேட் படலம் அதற்குக் கவசம். ஆனால் மழை ஈரமோ தண்ணீரோ உள்ளே போய் அமிலம் நீர்த்துவிட்டால் கவசம் கரைந்துவிடும். இரும்பு அமிலத்தில் கரைய ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் மேலே போய்த் தொட்டியின் கூரைக்கடியில் சேரும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அந்தக் கூரையில் ஏறி ஒரு ஏணிப்படியைப் பற்றவைக்கப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட விபத்துகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. வெல்டிங் தொழிலாளியிடம் "உள்ளே ஆசிட்தான், ஆசிட் எரியாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், ஆசிட் எரியாது. ஆனால் இரும்பு துரத்திவிட்டது எரியும்.

ஜோடி மாற்றம்

இரட்டை இடப்பெயர்ச்சியில் சண்டை கிடையாது. இரண்டு ஜோடிகள் வருகின்றன, துணையை மாற்றிக்கொண்டு போகின்றன. ஆனால் சும்மா மாற்றிக்கொள்வதில்லை. புது ஜோடிகளில் ஒன்று கரைசலை விட்டு விலக வேண்டும். வீழ்படிவாக அடியில் உட்கார வேண்டும், அல்லது வாயுவாகப் போக வேண்டும், அல்லது தண்ணீராகிவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுதான் வினையை முன்னால் தள்ளுகிறது.

இங்கே காலைப் பலகாரமான கமண் டோக்ளா இந்த வகைதான். மாவில் சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் சந்தித்தால் ஜோடி மாற்றம். பிறக்கிற கார்பானிக் அமிலம் நிலைக்காமல் உடனே சிதைந்து கார்பன் டை ஆக்ஸைடு குமிழியாகிறது. பஞ்சு மாதிரி டோக்ளா. குஜராத்திகள் அப்பளத்துக்கும் ஒரு 'கார்' போடுவார்கள், நம்ம வீட்டில் அது அப்பளக்காரம். மிளகாய்க் காரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே 'கார்' என்பது வடமொழி க்ஷாரம். வேதியியல் புத்தகத்தில் அமிலம், காரம் என்று படித்தோமே, அதே காரம்தான் அப்பளத்திலும் இருக்கிறது.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் துவாரகைக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டாபூருக்குப் போக வேண்டும். இந்தி தெரிந்தவர்கள் 'இனிப்பு ஊர்' என்று நினைப்பார்கள். குஜராத்தியில் 'மீட்டு' என்றால் உப்பு! 1939-ல் டாடா கெமிக்கல்ஸ் தொடங்கிய இடம். இந்தியாவின் உப்பில் பெரும்பகுதி குஜராத்தில்தான் விளைகிறது, அடுத்த இடம் நம்ம தமிழ்நாடு. உப்பும் சுண்ணாம்புக்கல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால் சோடா சாம்பல் செய்யலாம். 1860-களில் பெல்ஜியத்து எர்னெஸ்ட் சால்வே உருவாக்கிய முறை அது.

அந்த முறையைப் பத்தாம் வகுப்புக் கண்ணோடு பாருங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிறார்கள், கார்பன் டை ஆக்ஸைடு வருகிறது. இது சிதைவு. அந்த வாயு, அம்மோனியா, தண்ணீர் மூன்றும் சேர்ந்து அம்மோனியம் பைகார்பனேட் ஆகிறது. இது சேர்க்கை. அது உப்போடு ஜோடி மாற்றிக்கொண்டதும் சோடியம் பைகார்பனேட் அடியில் படிகிறது. இது இரட்டை இடப்பெயர்ச்சி. படிந்ததை வடிகட்டிச் சுட்டால் சோடா சாம்பல், மறுபடி சிதைவு. மிச்சக் கரைசலில் நீற்றிய சுண்ணாம்பைப் போட்டால் அம்மோனியா திரும்பக் கிடைக்கிறது, மறுபடி ஜோடி மாற்றம். ஒரு ஆலைக்குள் பாடத்தின் பாதி நடக்கிறது. கண்ணாடியும் சோப்புத்தூளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தனை நடந்தும் இந்த ஆலையில் ஒரு எலக்ட்ரான்கூடக் கை மாறுவதில்லை. சோடியம் சோடியமாகவே, குளோரின் உப்பில் இருந்தபடியேதான் இருக்கிறது. யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது மட்டும்தான் மாறுகிறது.

எலக்ட்ரான் கை மாறினால்

கடைசி வகைதான் பிள்ளைகளைக் குழப்பும். ஆக்ஸிஜனேற்றம், ஒடுக்கம். எலக்ட்ரானை இழப்பவர் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறார், பெறுபவர் ஒடுக்கம் அடைகிறார். குழப்பத்துக்குக் காரணம், இது ஐந்தாவது பெட்டி கிடையாது என்பதுதான். முதல் நாலும் இருக்கை மாற்றக் கணக்கு. இது பணம் கை மாறும் கணக்கு. ஒரே வினையை இரண்டு கணக்கிலும் எழுதலாம். மெக்னீசியம் எரிவது சேர்க்கை வினையும்தான், ஆக்ஸிஜனேற்றமும்தான். இரும்பு ஆணி சோதனை இடப்பெயர்ச்சியும்தான், எலக்ட்ரான் பரிமாற்றமும்தான். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

துருவும் இந்தக் கணக்குதான். தில்லி மெஹ்ரோலியில் ஏழு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் இரும்புத் தூண் சுமார் 1,600 வருஷமாகத் துருப்பிடித்து அழியாமல் இருப்பதற்கு மந்திரம் காரணமில்லை. ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் அதை ஆராய்ந்தார். இரும்பில் அதிகமாக இருந்த பாஸ்பரஸ், மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலமாக உருவாகி, ஆக்ஸிஜனேற்றத்தை வெகுவாக மட்டுப்படுத்தியிருக்கிறது என்று விளக்கினார். வினை நின்றுவிடவில்லை, நடை மட்டும் தளர்ந்துவிட்டது.

இப்போது உப்பை மறுபடி கையில் எடுப்போம். மீட்டாபூரில் எலக்ட்ரான் கை மாறாமல் சோடா சாம்பலான அதே உப்பு, எங்கள் பரூச் பக்கம் குளோர்-ஆல்கலி ஆலைகளுக்குப் போகிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். இப்போது எலக்ட்ரான்கள் வலுக்கட்டாயமாகக் கை மாறுகின்றன. ஒரு பக்கம் குளோரின் வாயு, இன்னொரு பக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும்.

அங்கிருந்து மூன்று பாதை. குளோரினை ஹைட்ரஜனோடு எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு. அதைத் தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரினைக் காஸ்டிக் சோடாவில் செலுத்தினால் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது நாம் 'பிளீச்' என்று வாங்கும் திரவம். மீதிக் குளோரினை உருளைகளில் அடைத்துக் குடிநீர் வாரியத்துக்கும் மற்ற ஆலைகளுக்கும் அனுப்புகிறார்கள். கசிந்துவிட்டால் என்ன செய்வது என்று உருளைக்குப் பக்கத்திலேயே எழுதி மாட்டியிருப்பார்கள். முகமூடி இருக்கும், சைரன் இருக்கும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிக்கூம்பு இருக்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் படைவீரர்கள் மீது திறந்துவிடப்பட்ட வாயு அது. அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் பிளீச் என்பது காஸ்டிக் சோடாவுக்குள் பூட்டி வைத்த குளோரின். அந்தப் பூட்டுக்குச் சாவி அமிலம். பூட்டும் சாவியும் ஒரே ஆலையில் பிறந்து, வேறு வேறு லேபிளோடு, ஒரே குளியலறை மூலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே முகமூடியும் இல்லை, சைரனும் இல்லை.

மாசி கேட்ட கேள்வி

எங்கள் சொசைட்டியில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்ய ஒரு அம்மா வருகிறார். எல்லோரும் அவரை மாசி என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பக்கம் சித்தி, பெரியம்மா முறைக்கு அதுதான் சொல். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஒப்பந்தக்காரர் மாதா மாதம் சாமான்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். நீலப் புட்டியில் ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவம், வெள்ளைக் கேனில் பிளீச்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காவலாளி அறைக்குப் பக்கத்துக் கழிப்பறையிலிருந்து மாசி மூச்சுத் திணறிக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். நான் பால் வாங்கக் கீழே இறங்கியிருந்தேன். பத்தடி தள்ளியே அந்த வாசனை வந்துவிட்டது. அதை நான் வேறெங்கேயும் மறக்கமாட்டேன், அது என் தொழில். காவலாளி உள்ளே போய் என்ன என்று பார்க்கக் கிளம்பினார், அவரைப் பிடித்து நிறுத்தினேன். மாசியைக் கைத்தாங்கலாகத் திறந்த வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணையும் முகத்தையும் நிறையத் தண்ணீரால் கழுவவிட்டு, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். குளோரின் நுரையீரலுக்குள் செய்யும் வேலை சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம், அதனால் "இப்போ பரவாயில்லை சார், வீட்டுக்குப் போறேன்" என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஆக்ஸிஜன் வைத்து ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பார்க்கப் போனபோது அவர் கேட்டதுதான் இதை எழுத வைத்தது.

"பாய், அதுவும் சுத்தம் பண்ணுது, இதுவும் சுத்தம் பண்ணுது. மஞ்சள் கறை போகவே இல்லை. ரெண்டையும் சேர்த்தா ரெண்டு மடங்கு சுத்தம் பண்ணும்தானே?"

யோசித்துப் பாருங்கள், இதில் என்ன தப்பு? சமையலில் அப்படித்தான். உப்பும் நல்லது, புளியும் நல்லது, சேர்த்தால் இன்னும் நல்லது. கூட்டல் கணக்கு. வேதிவினை கூட்டல் கிடையாது என்று அவருக்குச் சொல்லித் தர யாரும் இருந்ததில்லை. புட்டியின் பின்னால் எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே நடந்தது இது. ஹைப்போகுளோரைட் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → உப்பு + தண்ணீர் + குளோரின். ஆலையில் உப்பிலிருந்து கிளம்பியது கழிப்பறையில் மறுபடி உப்பாகிவிட்டது, கூடவே வாயுவும். குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழும். நின்றுகொண்டு ஊற்றுகிறவரை விட, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்க்கிறவருக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். நம் நாட்டில் அப்படி உட்கார்ந்து தேய்க்கிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

மகள் அன்று ராத்திரி இந்தச் சமன்பாட்டை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு "இது எந்த வகைப்பா?" என்று கேட்டாள். முதலில் இரட்டை இடப்பெயர்ச்சி என்று போட்டாள், ஜோடி பொருந்தவில்லை. அப்புறம் எலக்ட்ரான் கணக்குப் போட்டாள். பிளீச்சில் இருக்கும் குளோரினுக்கு ஒன்று குறைவு, அமிலத்தில் இருக்கும் குளோரினுக்கு ஒன்று அதிகம். கொடுத்து வாங்கியதும் இரண்டும் சமம், இரண்டும் வாயு. ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததும் குளோரின், ஒடுக்கம் அடைந்ததும் குளோரின். அவள் புத்தகத்தில் இல்லாத உதாரணம் அது.

போபாலை நினைத்துக்கொண்டேன். 1984 டிசம்பர் 2-3 ராத்திரி, 40 டன்னுக்கு மேல் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர்! அதைவிடச் சாதுவான பொருள் உண்டா? ஆனால் அந்த வினையில் சூடும் வரும், வாயுவும் வரும். 39 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. சூடு ஏற ஏற அழுத்தம் ஏறி, தொட்டி தாங்காமல் ஊரின் மேல் திறந்துகொண்டது. தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்திருக்கவே இல்லை. தொட்டி பெரிது, கழிப்பறை சிறிது. இரண்டு இடத்திலும் உள்ளே இருந்தவர்களுக்கு வலது பக்கம் என்ன என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது எங்கள் சொசைட்டியில் ஆசிட் திரவம் தரைத்தளத்திலும், பிளீச் மாடியில் பூட்டிய அலமாரியிலும் இருக்கின்றன. ஒன்றுக்குச் சிவப்பு வாளி, இன்னொன்றுக்கு நீல வாளி. மகள் ஒரு படம் வரைந்து ஒட்டியிருக்கிறாள். சிவப்பு வாளி, நீல வாளி, நடுவில் பெரிய பெருக்கல் குறி. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஒரே நாளில் இரண்டும் வெளியே வரக்கூடாது என்பது மாசியே போட்ட சட்டம். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு அவர்தான் வகுப்பு எடுக்கிறார். "தேஜாப்பும் இதுவும் சேர்ந்தா மூணாவது ஒண்ணு பிறக்கும், அது நம்ம கழுத்தைப் பிடிக்கும்" என்கிறார். வேதிவினைக்கு இதைவிட நல்ல வரையறையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியை இன்றைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கழிப்பறைத் திரவம், டைல்ஸ் கழுவும் ஆசிட், வினிகர் ஒரு பக்கம் இருக்கட்டும். பிளீச்சும் பிளீச்சிங் பவுடரும் வேறு இடத்துக்குப் போகட்டும். பிளீச்சை அம்மோனியா இருக்கும் கண்ணாடித் துடைப்பானோடும் சேர்க்கக் கூடாது, அதிலும் நச்சு வாயு வரும். யாராவது கலந்துவிட்டால் அதன் மேல் இன்னொன்றை ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் வெளியே வாருங்கள், காற்றோட்டமான இடத்துக்கு. இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

முக்கியமாக, அந்தக் குளியலறையை உங்களுக்காகக் கழுவுகிறவரிடம், அவருக்குப் புரிகிற மொழியில், இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.